கனடா இங்கிலீஷும் முத்துமாரி சொன்னதும்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியின் மெர்ச்சண்டைசிங் பிள்ளைகள் நாலைந்து பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். கையில் ஆப்பிள், பிஸ்கட் பாக்கெட், ஒரு பிளாஸ்க். "நான் ரிட்டயர் ஆகி ஒன்றரை வருஷம்தான் ஆகுது கண்ணு, சாகக் கிடக்கலை" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்துவிடுகிறது.

விஷயம் இதுதான். இப்போது பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு, மெயில் எழுதுவதெல்லாம் போன்தானாம். தமிழில் நாலு வரி சொன்னால் அதுவே இங்கிலீஷில் எழுதித் தந்துவிடுகிறதாம். ஆனால் கனடா பையர் ஆபீஸில் இருக்கும் அம்மா ஒரு மீட்டிங்கில் சலித்துக்கொண்டாளாம். "கோமதி எழுதுவது போல யாரும் எழுதுவதில்லை, அந்தக் கடிதங்களை இன்னும் வைத்திருக்கிறோம்" என்றாளாம். மேடம், நீங்கள் கனடா பக்கமே போனதில்லையே, எப்படிக் கற்றுக்கொண்டீர்கள், கம்பெனி ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் அவர்கள் பாடு.

அப்பா தறி ஓட்டியவர். நான் டைப்ரைட்டிங் ஹையர், தபாலில் பி.காம். பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, பேக்கிங் லிஸ்ட் அடித்து, ஆறேழு வருஷத்தில் மெர்ச்சண்டைசர் ஆனேன். பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நிற்கிற ஆள் என்று அர்த்தம். இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம். கிராமர் எனக்குச் சுத்தமாக வரும். ஆனால் பேச்சும் எழுத்தும் கவர்ன்மெண்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கும்.

எங்கள் பெரிய பையர் டொரோண்டோ. குழந்தைகள் தூங்கும்போது போடுகிற நைட் சூட் மட்டும்தான் வாங்குவார்கள். அங்கே அதற்குச் சட்டம் உண்டு. துணி உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் தீப்பிடித்துக் கொள்ளும் என்று. மணிக்கட்டில் கால் இஞ்ச் கூடினால் முழு லாட்டையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "அவிய ஊட்டுப் புள்ளைகளுக்கு எத்தனை கவனம் பாருங்க அம்மிணி" என்று எங்கள் முதலாளி ஆச்சரியப்படுவார்.

அவர்கள் சாம்பிள் பார்சல் அனுப்பும்போது துணி கசங்காமல் இருக்கப் பழைய நியூஸ்பேப்பரைச் சுருட்டி உள்ளே வைப்பார்கள். எல்லாரும் துணியை எடுத்துக்கொண்டு பேப்பரை வீசுவார்கள். நான் பேப்பரை அயர்ன் டேபிளில் போட்டுத் தேய்த்து வைத்துக்கொள்வேன். ஏதோ சின்ன ஊர்ப் பேப்பர். பனி வாருகிற வண்டி எங்கள் தெருவுக்கு வரவில்லை என்று ஒரு கிழவர் கடிதம் எழுதியிருப்பார். தொலைந்த பூனை, சர்ச் சமையல், இறந்தவர் அறிவிப்பு. இறந்தவர் அறிவிப்பை எத்தனை தடவை படித்திருப்பேனோ கணக்கில்லை. அழாமல் அழுவது எப்படி என்று அதில்தான் பார்த்தேன்.

நான் பேப்பர் சேர்க்கிறேன் என்று தெரிந்ததும் பையர் ஆபீஸில் எங்கள் ஆர்டரைக் கவனிக்கிற பெண் ஒருத்தி, லைப்ரரியில் கழித்துக் கட்டிய நாவல்களைப் பார்சலில் வைக்க ஆரம்பித்தாள். டிவியில் பதிவு செய்த டிஸ்க்குகளும் வந்தன. செய்தி, வானிலை, ஐஸ் மேல் மட்டையைப் பிடித்துக்கொண்டு முட்டி மோதுகிற ஹாக்கி, ஒரு தீவில் போஸ்ட் ஆபீஸ் நடத்துகிற குடும்பத்தின் தொடர். முதலாளியிடம் கேட்டேன். "அதுக்கென்னங்க, தாராளமாப் பாருங்க" என்று சாம்பிள் ரூமில் ஒரு டிவி வாங்கிப் போட்டார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் என் கிளாஸ். முதலில் கீழே எழுத்து ஓட விட்டுப் பத்து நிமிஷம் பார்ப்பேன். அப்புறம் காலர் வெட்டி மிஞ்சிய ரிப் துணியில் ஒரு பட்டி எடுத்து, டிவியின் கீழ்ப்பக்கம் குறுக்கே கட்டி எழுத்தை மறைத்துவிடுவேன். அதே பத்து நிமிஷத்தைக் காதால் மட்டும் கேட்டு நோட்டில் எழுதுவேன். பட்டியைத் தூக்கிச் சரிபார்ப்பேன். தயிர்சாதம் ஒரு கையில், பேனா ஒரு கையில். கட்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க கோமதி, டிவிக்குக் கோவணம் கட்டி உட்டிருக்கீங்க?" என்பார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று நாலு வருஷத்தில் எனக்குப் பிடிபட்டது வார்த்தை இல்லை, கண்ணு. அவர்களுடைய மரியாதை. அந்த ஊர் ஆள் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லமாட்டான். முதலில் வானிலை பேசுவான். அப்புறம் உன் சிரமம் தெரியும் என்பான். கடைசியில் எங்கேயோ ஓரத்தில் முடியாது என்பது கிடக்கும். காலை மிதித்தவனைப் பார்த்து மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்பான். அட, இது நம்ம ஊர்தானே என்று இருந்தது. நம்மவர்களும் வையும்போதுகூட 'ங்க' போட்டுத்தானே வைகிறார்கள். நாவல்களில் வருகிற பொம்பளைகள் இதற்கும் மேலே. புருஷன் செத்த வீட்டில் உட்கார்ந்து பேரிக்காய் ஜாம் நன்றாக வந்திருக்கிறதா என்று பேசுவார்கள். படிக்கிற நாம்தான் அழுவோம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது ஒரு வித்தை. அதை நான் கரைத்துக் குடித்தேன்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குண்டடம் பக்கம் தோட்டங்காட்டுக் குடும்பம். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் நான் அடித்த ஒவ்வொரு முக்கியமான கடிதமும் அவர் காதில் விழாமல் போகாது. கண்ணை மூடிக்கொண்டு, "தமிழ்ல படிங்க அம்மிணி" என்பார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், 'ங்க' இன்னும் கூடும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

ஒரு தடவை நைட் சூட் லாட்டில் உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு என்று போய்விட்டது. டையிங்கில் இரண்டு பேட்ச் கலந்துவிட்டோம், தப்பு எங்களுடையது என்று எழுதினேன். படித்துக் காட்டினேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நல்லா இருக்குதுங்க. ஆனா நாம ஒத்துக்கிட்டதுந் தெரியக்கூடாது, ஒத்துக்கலீங்கறதுந் தெரியக்கூடாதுங்க. படிச்சவிய மனசு குளிர்ந்து போகோணும்." மூன்று தடவை திருத்தினேன். நான்காவதில் டொரோண்டோ பனியைப் பற்றி விசாரித்து, நிறம் என்பது வெளிச்சத்தைப் பொறுத்து மாறும் சங்கதி என்று தொட்டுக்காட்டி, அவர்கள் பொறுமைக்கு நன்றி சொல்லி முடித்தேன். தப்பு என்ற வார்த்தையே இல்லை. அந்த லாட் திரும்பி வரவில்லை. "போச்சாதுங்க, கத்துக்கிட்டீங்க" என்றார். போச்சாது என்றால் பரவாயில்லை என்று அர்த்தம், அவர் வாயில் அது பெரிய பட்டம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பூசி மெழுகுவதில் நான் கை தேர்ந்துவிட்டேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். அன்றைக்கு அது உறைக்கவில்லை.

இனி எழுதப் போவதைத்தான் அந்தப் பிள்ளைகள் கேட்கவில்லை.

ஆடிட் என்றால் வேலை செய்கிற இடம் ஒழுங்காக இருக்கிறதா என்று பையர் ஆள் அனுப்பிப் பார்ப்பது. ஆயுத பூஜைக்கு அடுத்து எங்களுக்குப் பெரிய நோம்பி அதுதான். முதல் நாளே தையல் மெஷின்களுக்கு ஊசித் தடுப்பு மாட்டப்படும். மறுநாள் கழட்டிவிடுவார்கள், அது இருந்தால் பீஸ் வேகமாக ஓடாது. கட்டிங் ஆட்களின் கம்பி வலைக் கையுறை பெட்டியிலிருந்து வெளியே வரும். முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் டிஞ்சரும் நிரம்பும். தரையில் மஞ்சள் கோடு போட்டு அது காயும்முன் யாரோ மிதித்துவிட, ஒரு பெரிய வாக்குவாதம் நடக்கும். குழந்தைகள் காப்பக அறை என்று ஒன்று உண்டு. குழந்தை ஒன்றுகூட அதில் இருந்ததில்லை. அன்றைக்கு மட்டும் திறந்து தூசி தட்டுவோம். பொம்மைகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே வருஷக்கணக்காகச் சிரித்துக்கொண்டு இருக்கும்.

கம்பெனிக்குப் பின்னால், சோளக்காட்டை ஒட்டி, பெண்கள் ஹாஸ்டல். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள் அறுபது எழுபது பேர் தரையில் பாய் விரித்துப் படுப்பார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு வார்டன் வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விடுவாள். வயசுப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்று பேர். ஆடிட் அன்றைக்கு அந்தப் பூட்டு ஹாஸ்டல் அரிசி டிரம்முக்குள் போய்விடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், நாங்கள் பூட்டை அரிசியில் மறைத்தோம். இது எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

ஒரு வருஷம் வந்த ஆடிட்டர் பெயர் ஹெலன். அறுபதை நெருங்கும் வயது, ஒல்லி, கனடாவில் கோதுமைக்காட்டு ஊர்க்காரி. காரிலிருந்து இறங்கியதும் நான் அவளிடம் உங்கள் ஊரில் ஆற்று ஐஸ் உடைந்துவிட்டதா என்று கேட்டேன். அப்படியே நின்றுவிட்டாள். பத்து நிமிஷத்தில் ஹாக்கி, பனி வாருகிற வண்டி, நாங்கள் இரண்டு பேரும் படித்த ஒரு நாவல் என்று பேச்சு போனது. "என் சித்தி பேசுவது போலவே பேசுகிறாய், எங்கே கற்றாய்?" என்றாள். பார்சல் பேப்பரில் என்றேன். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் பெருமை பிடிபடவில்லை, பொய் சொல்வானேன்.

ஆடிட்டில் கடைசி வேலை, தொழிலாளர்களைத் தனியாக வைத்துப் பேசுவது. கம்பெனி ஆள் ஒருவரும் கூட இருக்கக் கூடாது, மொழிபெயர்ப்பவர் வெளியாளாக இருக்க வேண்டும். விதி அப்படி. கோயமுத்தூரிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். அவருடைய இங்கிலீஷில் வண்டி நாலடி போனால் மூன்றடி பின்னால் வந்தது. மத்தியானம் ஹெலன் என் தோளைத் தொட்டு, "நீ வந்து உட்கார்ந்தால் எனக்குப் பெரிய உதவி" என்றாள். விதியை அவள் மீறினாள், என் இங்கிலீஷை நம்பி.

குழந்தைகள் காப்பக அறையில், குட்டி நாற்காலிகளில் முட்டி இடிக்க உட்கார்ந்தோம். வந்தவர்களெல்லாம் சூப்பர்வைசர் சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தார்கள். எட்டு மணி நேரம்ங்க, தண்ணி நல்லா இருக்குதுங்க. ஐந்தாவதோ ஆறாவதோ வந்தவள் முத்துமாரி. மூன்றாவது லைனில் நைட் சூட்டுக்குக் கை மூட்டுகிறவள். கமுதிப் பக்கம். இருபது வயசு இருக்கும், ஒட்டின உடம்பு, பெரிய கண். ஏதாவது கவலை உண்டா என்று கேட்கச் சொன்னாள் ஹெலன். கேட்டேன். அந்தப் பெண் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, சாயங்காலம் ஏழு மணிக்கு வெளிய பூட்டிர்றாகக்கா. சாவி வார்டன் அம்மாகிட்ட. அவுக வீட்டுக்குப் போயிருவாக. போன வாரம் லட்சுமிக்கு வலிப்பு வந்துருச்சு. கதவைத் தட்டித் தட்டி எங்களுக்குக் கை வீங்கிப்போச்சு. விடியிற மட்டும் அவளை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம். வேற ஒண்ணும் வேணாம்க்கா. உள்ள எங்ககிட்ட ஒரு சாவி குடுக்கச் சொல்லுங்க. அதை மட்டும் இந்தம்மாகிட்டச் சொல்லுங்க."

ஹெலன் பேனாவைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

முதலாளி சொல்லித்தான் செய்தேன் என்று எழுதினால் எனக்கு மனசு லேசாகும். அவர் சொல்லவே இல்லை. அறையில் அவர் இல்லை, மேனேஜர் இல்லை, யாரும் கண்ணைக் காட்டவில்லை. ஆர்டர் போய்விடும், இத்தனை பேர் பிழைப்பு என்று அப்புறம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் அப்படி எதுவும் தோன்றவில்லை. இத்தனை வருஷமாகக் கடிதம் கடிதமாக மழுக்கி மழுக்கிப் பழகின நாக்கு. தானாக ஓடிற்று. இவள் முதல் தடவையாக வீட்டை விட்டு வந்திருக்கிறாள், சாயங்காலம் ஆனால் அம்மா ஞாபகம் வந்து தூக்கம் வருவதில்லை, கூட இருக்கிற பெண்கள்தான் மடியில் போட்டு ஆற்றுகிறார்கள் என்று சொன்னேன். அழகான இங்கிலீஷில் சொன்னேன். பாவிப் பொம்பளை, மடியைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டேன்.

ஹெலன் பேனாவை வைத்துவிட்டாள். குட்டி நாற்காலியிலிருந்து எழுந்து முத்துமாரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசில் தானும் ஹாஸ்டலில் அழுதது, அம்மாவின் கம்பளிச் சட்டையை மோந்து பார்த்துக்கொண்டு தூங்கியது எல்லாம் சொன்னாள். நான் அதில் ஒரு வார்த்தையும் தமிழில் சொல்லவில்லை. என்னவென்று சொல்வேன்? ஹெலனுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் கோட்டிலிருந்த, கனடாக் கொடியின் சிவப்பு இலை பின்னைக் கழற்றி அவள் துப்பட்டாவில் குத்திவிட்டாள். முத்துமாரி என்னைப் பார்த்தாள், அந்தம்மாவைப் பார்த்தாள், முகமெல்லாம் சிரிப்பு. தான் சொன்னதைக் கேட்டுத்தான் வெள்ளைக்கார அம்மா அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். பூட்டுக்காக அழுகிறாள் என்று.

மறுநாள் பூட்டு அரிசியிலிருந்து எழுந்து வந்து கதவில் தொங்கியது. நாலைந்து நாள் கழித்துக் கேண்டீனில் தட்டோடு என்னிடம் வந்தாள். பின் துப்பட்டாவில் அப்படியே இருந்தது.

"அக்கா, அந்தம்மா எப்ப எழுதுவாக?"

"எழுதுவாங்க கண்ணு. கொஞ்சம் பொறு."

"இல்லக்கா, நாங்க அஞ்சாறு பேரு ஞாயித்துக்கெழமை லேபர் ஆபீசருக்கு ஒரு மனு எழுதிப் போடலாம்னு இருந்தோம். அந்தம்மாவே அழுதுட்டாக, பாத்துக்கிருவாகன்னு நாந்தான் வேணாம்னுட்டேன். சரிதானக்கா?"

"சரிதான்" என்றேன்.

ஆடிட்டர் அறையில் இங்கிலீஷில் சொன்ன பொய்யைவிட, சாம்பார் வாசத்துக்கு நடுவில் தமிழில் சொன்ன இந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தின்கிறது. அங்கேயாவது நாக்கு ஓடிவிட்டது என்று சொல்லலாம். இங்கே யோசித்துத்தான் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை நான் உள்ளே நுழையும்போது மூன்றாவது லைனில் மெஷின் ஓடவில்லை. பெண்கள் வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு நின்றார்கள். சோளக்காட்டிலிருந்து கட்டுவிரியன் உள்ளே வந்து, பாயில் படுத்திருந்த முத்துமாரியைத் தீண்டியிருக்கிறது. முதலில் எறும்பு என்று நினைத்திருக்கிறாள். வயிறு வலிக்கிறது என்றிருக்கிறாள், அப்புறம் கண் இமை தூக்க முடியவில்லை என்றிருக்கிறாள். வார்டன் மூலனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள், சாவி அவள் பையில். வாட்ச்மேன் முன் கேட்டில் இருந்தார், மெஷின் ஷெட்டைத் தாண்டிக் குரல் எட்டவில்லை. பால்காரர் வந்த பிறகுதான் கடப்பாரை வந்து பூட்டு உடைந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மூச்சு இல்லை. இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் ஊசி போட்டுக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

முதலாளி தானே உடம்போடு கமுதிக்குப் போனார். என்னையும் வரச் சொன்னார். துக்க வீட்டில் செருப்பைக் கழட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார், ஒரு குறை சொல்ல முடியாத மரியாதை. முத்துமாரியின் அம்மா மகளின் தாடையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு கத்தினாள்.

"பூட்டிப் போடுறாகன்னு யார்கிட்டயாவது வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னியாடி? ஊமையாவா ஒன்னைப் பெத்தேன்? சொல்லியிருந்தா நாலு பேரு கேட்டிருக்க மாட்டாகளா? ஊமைக்கழுத, ஊமைக்கழுத!"

நான் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். சொன்னாள் அம்மா, என்னிடம் சொன்னாள் என்று எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

திரும்பி வரும்போது காரில் முதலாளி மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, அந்தப் புள்ள அன்னைக்கு ஆடிட்டர்கிட்ட ஏதாச்சும் சொல்லுச்சுங்களா?"

"இல்லீங்க."

என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியும். எனக்கும் அவருக்குத் தெரியும் என்று தெரியும். "நல்லதுங்க" என்றார். அப்புறம் மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். அந்த வாரமே ஒரு சாவி வாட்ச்மேனிடம் போனது. பெண்கள் கேட்டபடி உள்ளே சாவி எதுவும் போகவில்லை. அடுத்த தீபாவளிக்கு என்னை மேனேஜர் ஆக்கினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெலன் வேறு நாட்டுக்கு மாறிவிட்டாள், எங்கள் கம்பெனிக்கு மறுபடி வரவில்லை. ஆனால் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு கடிதமும் ஒரு புத்தகமும் அனுப்புவாள். முதல் கடிதத்திலேயே கேட்டாள்: அம்மாவை நினைத்து அழுத அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்? ஊருக்குப் போய்விட்டாள், சந்தோஷமாக இருக்கிறாள் என்று எழுதினேன். மறு வருஷமும் கேட்டாள். கடிதத்திலேயே கல்யாணம் செய்து வைத்தேன், மாப்பிள்ளை மினி பஸ் டிரைவர். அதற்கடுத்த வருஷம் ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு என்று ஹெலன் கையால் பின்னிய கம்பளிக் குல்லா வந்தது. கமுதி வெயிலில் கம்பளிக் குல்லா. சிரிப்பதா, எங்கேயாவது முட்டிக்கொள்வதா? படித்த நாவலில் இருந்தெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, அந்தச் செத்த பிள்ளைக்கு நான் ஒரு குடும்பத்தையே கட்டி நடத்திக்கொண்டிருந்தேன். பதினோரு வருஷம்.

ரிட்டயர் ஆன பிறகு வந்த கடிதத்தில், தானும் ஓய்வு பெற்றுவிட்டதாகவும், பழைய நோட்டுகளைப் புரட்டும்போது அந்தப் பெண்ணின் சிரிப்பு ஞாபகம் வந்ததாகவும், தன் வேலையில் ஒரு மனுஷியைத் தொட்டுப் பேசினோம் என்று நிறைவாக இருந்தது அந்த ஒரு தடவைதான் என்றும் ஹெலன் எழுதியிருந்தாள். அதைப் படித்ததும் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் மேல் இல்லை, என் மேல். பேப்பரை எடுத்தேன். வானிலை விசாரிக்கவில்லை. முத்துமாரி பூட்டைப் பற்றிச் சொன்னாள், நான் மாற்றிச் சொன்னேன், அவள் செத்துப்போனாள், கல்யாணமும் குழந்தையும் நான் எழுதிய பொய் என்று எழுதினேன். முக்கால் பக்கம்கூட வரவில்லை. அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. மூன்றே வரி. உனக்கு என்னால் நன்றி சொல்ல முடியவில்லை. விதியை மீறி உன்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது நான், சாகிற வரைக்கும் அதை நான் சுமக்க வேண்டும். அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாயா?

போன வாரம் போனேன். மதுரைக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஒரு பஸ், அப்புறம் ஒரு மினி பஸ். அந்த அம்மாவுக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது, வாசலில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் பனியன் கம்பெனியில் இருந்தவள், முத்துமாரி சாவதற்கு முன்னால் கனடா அம்மாவிடம் பேசியபோது நடுவில் இருந்து மாற்றிச் சொன்னவள் நான்தான் என்று சொன்னேன். அப்புறம் மனு போடாமல் தடுத்ததையும் சொன்னேன். கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன்.

"அப்ப எம்மக சொல்லியிருக்கா?" என்றாள்.

"சொன்னாம்மா."

"என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன். ஏழு மணிக்கு வெளியே பூட்டுவதும், சாவி வார்டனிடம் இருப்பதும், லட்சுமியின் வலிப்பும், கை வீங்கினதும், வேற ஒண்ணும் வேணாம்க்கா, உள்ள எங்ககிட்ட ஒரு சாவி குடுக்கச் சொல்லுங்க என்றதும். அவள் வாய்ப்பேச்சிலேயே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். என் வாழ்நாளில் ஒழுங்காகச் செய்த மொழிபெயர்ப்பு அதுதான், அதில் மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை.

"பயப்படலையா அவ?"

"கதவை ஒரு தடவை பாத்தா. அப்புறம் பயப்படலை."

"ஊமை ஊமைன்னு வஞ்சேனே" என்றாள். "சுடுகாட்டுக்குத் தூக்குற வரைக்கும் வஞ்சேனே. இந்தா இன்னைக்குக் காலையில விளக்கு வைக்கையிலகூட வஞ்சேனே." மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எரிந்திருக்கும். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"மன்னிப்புக் கேக்க வந்திருந்தா அது எங்கிட்ட இல்ல. எந்திரிச்சுப் போயிராதீக, ஆனா. நில்லுங்க."

தெருவில் இறங்கி, "ஏ மாரியாயி! ஏ பாண்டியம்மா! இங்கிட்டு வாங்கடி, எம்மக சொல்லியிருக்காடி, வெள்ளைக்காரிகிட்டயே சொல்லியிருக்காடி!" என்று கத்தினாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். "இந்தா, இவுகதான் மாத்திச் சொன்னவுக" என்று என்னைக் காட்டினாள். "சொல்லுங்க. இவகிட்டச் சொல்லுங்க." சொன்னேன். இன்னொருத்தி வந்தாள். "இவளும் அன்னைக்கு இழவுக்கு வந்தவதான், இவகிட்டயும் சொல்லுங்க." சொன்னேன். ஒருத்தி என் முகத்துக்கு நேரே காறித் தரையில் துப்பிவிட்டுப் போனாள். அந்த அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. நான் சொல்லும்போதெல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டு, உதட்டை அசைத்துக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. முத்துமாரியின் அண்ணன் மண்வெட்டியோடு வயலிலிருந்து வந்தான். தெருவில் இத்தனை கூட்டம் என்ன என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

"இவன்கிட்டயும் சொல்லுங்க" என்றாள்.

முதலிலிருந்து ஆரம்பித்தேன்.